துறைமுகச் சோற்றுக்கடை அமலோற்பவம்

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுக வாசலில் சோற்றுக்கடை வைத்திருந்த அமலோற்பவத்துக்குக் கடல் பிடிக்காது. நன்னிலம் பக்கத்தில் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவள். படகு எஞ்சின் மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். அவர் மாரடைப்பில் போன பிறகு, கொழுந்தன் ஆல்பின் ஓடியாடி இடம் பிடித்துக் கொடுக்க, தகரக் கொட்டகை போட்டு உலை வைத்தாள்.

கடல் பிடிக்காவிட்டாலும் ஊர் பிடித்துப்போனது. அதற்குக் காரணம் அவள் கடை பெஞ்சுகள்தான். விசைப்படகு ஓட்டும் துரைராசு, அவனை இடித்துக்கொண்டு நாகூரிலிருந்து குட்டியானை வண்டியில் மீன்பெட்டி ஏற்ற வரும் அப்துல் ஜலீல், எதிரே கொல்லத்து லாரி டிரைவர்கள், ஓரத்தில் ஐஸ் கம்பெனி ஒடிசாக்காரர்கள். குழம்பில் காரம் பத்தாது என்று ஒருவர் சத்தம் போடும்போதே இன்னொருவருக்குக் கண்ணில் நீர் வழியும். நாகூர் சந்தனக்கூட்டுக்கும் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கும் ஒரே மாதிரி கூட்டம் அம்மும். இவர்கள் எல்லாரும் தன் ஆட்கள் என்றே அவள் நம்பினாள்.

ஒடிசாக்காரர்களில் சுதாம் கொஞ்சம் செல்லம். "அக்கா, சோறு கொஞ்சம்" என்பதை மட்டும் தமிழில் சுத்தமாகச் சொல்வான். ஊரில் விட்டுவந்த மகளின் போட்டோவை செல்போனில் காட்டுவான். ஐஸ் கம்பெனிப் பக்கம் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுப்பான்.

அந்தக் கோடையில் எல்லார் செல்போனிலும் ஒரு குரல் சுற்றியது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் இறங்கியிருக்கிறதாம். யார் பேசியது, எந்த ஊரில் நடந்தது, ஒருவருக்கும் தெரியாது. அமலோற்பவம் கேட்டுவிட்டு, "வேலையத்தவன் பேச்சு" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் துரைராசுவின் சின்ன மகளைக் காணவில்லை. தெருத்தெருவாகத் தேடினார்கள். காலையில் சுதாம் அவளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அது போதுமாக இருந்தது.

கஞ்சி வடிக்கப் பானையைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது சுதாம் கடைக்குள் வந்து விழுந்தான். சட்டை கிழிந்திருந்தது. காது பிய்ந்து தொங்கியது. "அக்கா, அக்கா" என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. அவன் பின்னால் கூட்டம் வந்தது. முன்னால் துரைராசு, கையில் இரும்புக் கம்பி. பக்கத்தில் ஆல்பின், கையில் ஐஸ் பார் இழுக்கிற கொக்கி.

அமலோற்பவம் வாசலை மறித்து நின்றாள்.

"தள்ளுங்கக்கா. எம்புள்ளய எங்க வச்சிருக்கான்னு கேக்கணும்."

"கேக்குறதுக்கு எதுக்குடா கம்பி? போலீஸ கூப்புடு. அவங்க கேக்கட்டும்."

"அண்ணி, உள்ள போங்க. இது உங்களுக்குத் தேவையில்லாதது," என்றான் ஆல்பின்.

அவள் உள்ளே போனாள். கொதிக்கிற கஞ்சிச் சட்டியோடு திரும்பி வந்து வாசல்படியில் ஊற்றினாள். முன்வரிசை அலறிப் பின்வாங்கியது. ஆல்பின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதே வேகத்தில் துரைராசுவின் கம்பி அவள் கையில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவளைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

சுதாமை முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். கல், கட்டை, பெஞ்சுக்கால், கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு அடித்தார்கள். நேற்றுவரை அவனோடு ஒரே பெஞ்சில் சாப்பிட்டவர்கள். சிலர் போனில் படம் எடுத்தார்கள். எழுந்துவந்த ஆல்பின் கொக்கியை ஓங்கி அவன் தோளில் இறக்கியதை அமலோற்பவம் தரையில் கிடந்தபடி பார்த்தாள். "டேய் ஆல்பினு!" என்று கத்தினாள். அவன் திரும்பவில்லை.

அப்துல் ஜலீல் ஹாரனை அழுத்திக்கொண்டே குட்டியானையைக் கூட்டத்துக்குள் விட்டார். ஜனம் சிதறியது. சுதாமைப் பின்னால் தூக்கிப்போட்டு, அமலோற்பவத்தையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். கல் பட்டுக் கண்ணாடி நொறுங்கி அவர் நெற்றியில் ரத்தம் வழிந்தது. "மூச்சு இருக்காக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். "இருக்கு பாய், போங்க." ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அவர் மறுபடி கேட்டார். அவள் சுதாமின் கண்களை மூடிவிட்டாள்.

குழந்தை, வலைகள் குவித்திருந்த கொட்டகைக்குள் தூங்கிக் கிடந்தது. சாயங்காலம் எழுந்து தானாக வீட்டுக்கு நடந்து போனது.

மறுநாள் கையில் மாவுக்கட்டோடு அமலோற்பவம் போலீசில் பெயர் சொன்னாள். துரைராசு பெயரோடு ஆல்பின் பெயரையும் சொன்னாள். மாமியார் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். கடையைச் சூறையாடினார்கள். பாத்திரங்களைத் தூக்கிக் கடலில் எறிந்தார்கள். தெருவில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஜாமீனில் வந்த ஆல்பின் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கூட்டத்துல யார் அடிச்சாங்கன்னு தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

"உனக்கு மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியிலேருந்து சோறு போட்டவ நான். உன் மொகம் எனக்குத் தெரியாதுன்னு எப்படிறா சொல்லுவேன்?"

அவன் அழுதான். அவளும் அழுதாள். ஆனால் சாட்சியை மாற்றவில்லை. கூண்டில் ஏறி, கொக்கி யார் கையில் இருந்தது என்று சொல்லிவிட்டு இறங்கினாள். துரைராசுவுக்கும் ஆல்பினுக்கும் இன்னும் சிலருக்கும் சிறை கிடைத்தது. தீர்ப்பைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்றைக்கு அவள் உலை வைக்கவில்லை.

நன்னிலத்துக்கே வந்துவிடச் சொல்லி அண்ணன் கூப்பிட்டார். அவள் போகவில்லை. நாகூர் சாலையில் ஜலீல் காட்டிய இடத்தில் மறுபடி கடை போட்டிருக்கிறாள். முறிந்த கை சரியாகக் கூடவில்லை, பானையை இடது கையால்தான் சாய்க்கிறாள். துறைமுகத்து ஆட்களில் சிலர் வருகிறார்கள், பலர் வருவதில்லை. வருகிறவர்களுக்கு இரண்டாம் முறை சோறு கேட்காமலே விழுகிறது. ஆனால் முன்போல அவள் யாரிடமும் ஊர்க்கதை கேட்பதில்லை. இலையில் பரிமாறும்போது, சாப்பிடுகிறவனின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள்.