கண்ணைத் திறந்து கும்பிடச் சொன்னவர்

செய்தி வந்தபோது முற்றத்துக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள்: "டீச்சர், ரவூப் சேர் விடிய மௌத்தாகிட்டார். நெஞ்சுவலியாம். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அழக்கூடத் தெம்பில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

நடக்க மறந்த கால்களை நடக்கப் பழக்குவது அவருடைய தொழில். காத்தான்குடியிலிருந்து வருடக்கணக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன இயன்மருத்துவர். அவரிடம் தடியோடு போய்த் தடியில்லாமல் திரும்பியவர்கள் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நான் சொல்லப்போவது அவர் இருக்கும்வரை அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

முதலில் நான் அவரிடம் போனது கைக்காக. கிணற்றடியில் தலைக்கு வார்க்கும்போது விழுந்து மணிக்கட்டு உடைந்திருந்தது. "கை உடைஞ்சது சரி டீச்சர், விழுந்தது ஏன்?" என்று கேட்டார். பாசி வழுக்கியது என்றேன். அவர் என் பாதங்களைப் பார்த்தார். ஒன்றில்தான் செருப்பு இருந்தது. மற்றது வழியில் எங்கேயோ கழன்றிருந்தது, எனக்குத் தெரியவில்லை. பாதங்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். உடம்பு ஆடியது. அவர் தோளைப் பிடித்தார். கண்ணைத் திறந்ததும் ஆட்டம் நின்றது. ஊரில் சொல்லிப் பழகிய பதில் தானாக வாயில் வந்தது: "எனக்கு அம்மன் வாறது, சேர்."

அவர் சிரிக்கவில்லை. "அம்மன் வாறதுக்கு நான் குறுக்க நிக்கல்ல டீச்சர். ஆனா கண்ணத் திறந்த உடனே ஏன் போயிடுறா?" என்றார்.

நாம் நிமிர்ந்து நிற்பது மூன்று பேர் சேர்ந்து தூக்கும் பாரம் என்று விளக்கினார். கண் ஒருவர். காதுக்குள் இருந்து சமநிலை பார்க்கும் உறுப்பு இன்னொருவர். உள்ளங்காலும் மூட்டுகளும் முள்ளந்தண்டு வழியாக மூளைக்கு ஓயாமல் அனுப்பும் செய்தி மூன்றாமவர். "உங்கட கால் எங்க கிடக்கு எண்டு மூளைக்குச் செய்தி போகல்ல. நீங்க கண்ணாலதான் நடக்கிறீங்க. கண்ணயும் மூடினா மிச்சம் ஒத்த ஆள் எப்படித் தூக்குற?" இரத்தம் சோதித்தார்கள். மகனின் நோய்க்காக நேர்ந்து மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் பல வருடங்களுக்கு முன்பே விட்டவள் நான். பி12 விற்றமின் இல்லாமல் நரம்புகள் பட்டினி கிடந்திருக்கின்றன. "நேர்த்திய விட வேணாம், ஊசியப் போடுங்க. மத்தது, கண்ணத் திறந்து கும்பிடுங்க" என்றார் சேர்.

பயிற்சி தொடங்கிச் சில மாதம் கழித்து, கம்பியைப் பிடித்து நடந்துகொண்டே அவரிடம் ஒன்றைச் சொன்னேன். கோயில் சடங்கில் கண்ணை மூடிக் கும்பிட்டு முதன்முதல் ஆடியபோதே அது அம்மன் இல்லை என்று எனக்குத் தெரியும். உண்மையில் வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எனக்கு வரவில்லை. ஆனால் பதினெட்டு வருடம் முகம் கொடுத்துப் பேசாத என் மாமியார் அன்று வேப்பிலையைக் கையில் தந்து என் காலில் விழுந்தார். அந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது. ஒன்றரை வருடம் வாய் திறக்கவில்லை. அதற்குள் காலில் உணர்வு போய்விட்டது. ஊசியால் திரும்பியது பாதிதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் ஒண்டும் கேக்கல்ல. நீங்க நடங்க" என்றார். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் விரித்தபடி வருவார், தொடமாட்டார். "புடிச்சா என்ட கைதான் நிக்கும், உங்கட கால் நிக்காது." மத்தியானத்துக்குள் அவருடைய கணுக்கால்கள் வீங்கிவிடும். வாசல்வரை ஆட்கள் காத்திருப்பார்கள். "ஊரையெல்லாம் நடக்க வைக்கிறன், எனக்கு இருக்க நேரமில்ல" என்று சுவரில் சாய்வார். அந்த வீக்கத்தை நாங்கள் எல்லோரும் கண்டோம். டாக்டரிடம் காட்டினீர்களா என்று நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை.

அவர் என்னோடு கோபித்தது ஒரு தடவைதான். போன சடங்கில் எங்கள் தெருப் பிள்ளை மலர் கண்ணை மூடிக் கும்பிடும்போது ஆடினாள். அவளும் மீன், மச்சம் தொடாதவள், செருப்புத் தொலைக்கிறவள். அம்மன் மலரிடம் வந்துவிட்டா என்று மாமி சொன்னபோது நானும் தலையாட்டினேன். இதைக் கேட்டதும் சேரின் முகம் மாறியது. "நான் போய்ச் சொன்னா வேற ஊர் ஆள் எண்டு விட்டிருவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. நாள் போகப் போக அந்தப் பிள்ளையின்ட காலும் போயிரும், டீச்சர்." "மறுகா சொல்லுறன் சேர்" என்றேன். மறுகா, மறுகா என்றே இரண்டு மாதம் போனது. பிறகு அவரே போய்விட்டார்.

அடக்கத்தன்று அவர் வீட்டுப் பெண்களோடு இருந்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் மாமியைக் கூட்டிக்கொண்டு மலர் வீட்டுக்குப் போனேன். இருவருக்கும் முன்னால், "எனக்கு ஒருநாளும் அம்மன் வரல்ல. அது நரம்பு வருத்தம். அம்மன் இல்ல எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றேன். மலர் தன் பாதங்களைப் பார்த்தாள். மாமி எழுந்து தனியாக நடந்து வீட்டுக்குப் போனார். இன்றுவரை என் கையால் தேத்தண்ணி வாங்கவில்லை. அவருக்கு அது பழகின வேலைதான்.

மலருக்கு இரத்தம் சோதித்து ஊசி தொடங்கியிருக்கிறார்கள். நேரத்தோடு வந்தபடியால் கால் முழுதாகத் தேறும் என்கிறார்கள். ரவூப் சேரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பாதி உணர்வு திரும்பிய இரண்டு கால்களும், பிந்திச் சொன்ன அந்த உண்மையும்தான். சொல்லிப்போட்டன் சேர். நீங்க இருக்கக்குள்ள சொல்லியிருக்கணும்.