அடியில் ஒட்டியிருந்த அலுமினியம்

அன்றைக்கு மந்தாரக்குப்பத்துப் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, எனக்கு மூசையை விற்ற, நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையிலிருக்கும் சார், பித்தளை வார்க்கும் பாய். வேறு யாரும் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

மூசை என்றால் உலோகம் உருக்கும் குடுவை. என்னுடையது முழங்கை உயரம், கன்னங்கரேல். சுரங்க மண்ணில் கிடைத்த சோழர் காலத்துச் சாமான் என்று சொல்லி, இரண்டாயிரத்துக்கு சார் அதை என் தலையில் கட்டியிருந்தார். ஆதாரம்? கறுப்பாக இருந்ததுதான். எங்கள் ஊரில் அது போதும். மண்ணுக்குள்ளிருந்து கறுப்பாக வருவதெல்லாம் பழையது என்று கரியைப் பார்த்தே பழகிவிட்டோம். எட்டாவதோடு நின்ற கான்ட்ராக்ட் கூலி நான் ஏமாந்தேன், சரி. குவார்ட்டர்ஸில் கால்மேல் கால் போட்டு தினமும் பேப்பர் படிக்கிற மனுஷனுக்கு என்ன கேடு?

மனைவியின் கம்மலை அடகு வைத்துத்தான் பணம் கொடுத்தேன். சென்னையில் பத்து மடங்குக்கு விற்று மீட்டுவிடலாம் என்று கணக்கு. வாங்கிய நாளிலிருந்து பயம். சிலைத் திருடன் என்று பிடித்துப்போவார்களோ? மூசையை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். ஜீப் சத்தம் கேட்டால் சோறு இறங்காது. கடைசியில், காலத்தைச் சரியாகச் சொல்லட்டும் என்று பாயிடம் தூக்கிப்போனேன். தன் பேச்சு ஜெயிப்பதைப் பார்க்க சாரும் வந்தார்.

பாய் நகத்தால் சுரண்டினார். விரலில் பென்சில் கறுப்பு.

"கிராஃபைட்டுங்க. இப்ப ஃபேக்டரில பண்றது."

"அதெல்லாம் ராஜாக்களுக்குத் தெரியாதா?" என்றார் சார்.

பாய் உள்ளே அடியில் உறைந்திருந்த வெள்ளைத் துண்டை உளியால் நெம்பினார்.

"வெள்ளி!" சாருக்குக் கண் மின்னியது.

துண்டை அவர் உள்ளங்கையிலேயே போட்டார் பாய். "கனம் பாருங்க சார். வெள்ளி இப்படியா பஞ்சு மாதிரி இருக்கும்? அலுமினியம். சோழராஜா குக்கர உருக்கிகினு இருந்தாரா?"

அடிப்புறத்துக் கரியைத் துடைத்ததும் ஒரு நம்பர் தெரிந்தது. அளவு நம்பராம். அதே நம்பரோடு இரண்டு மூசைகள் பாயின் உலையோரம் கிடந்தன.

"இருந்தா பத்து வருஷம். விரிசல் வுட்டதும் எவனோ தூக்கிப் போட்டுட்டான்."

"பத்து வருஷமும் பழசுதானே?" என்றார் சார், கூசாமல்.

என் மனைவி கையை நீட்டினாள். "என் கம்மலும் பழசுதான் சார். காச எடுங்க."

சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு வந்தது. மீதி சம்பளத்தன்றைக்கு என்றார். அதற்கப்புறம் எத்தனையோ சம்பளமும் போனஸும் வாங்கிவிட்டார். கம்மல் வட்டியிலேயே மூழ்கிவிட்டது. என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்புகிறார், பெரிய மனுஷர்.

பாக்கி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.