பாக் அண்ணை பென்ட் ஆக மறுத்த கிழமை

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் அந்தப் பின்னல் துணித் தொழிற்சாலைக்குப் போன முதல் நாள், எனக்கு வேலை தருவதற்கு முன்பே புதுப் பெயர் தந்துவிட்டார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி. அகதியாக வந்து, டேனிஷ் வகுப்பில் அரைகுறையாகப் படித்துவிட்டு வேலைக்கு இறங்கிய காலம். போர்மன் பவுல் நல்ல மனிதன்தான், பொறுமைதான் இல்லை. என் காகிதத்தில் 'கந்தையா சிவஞானசுந்தரம்' என்று இருந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஒரு நீலக் கோட்டை நீட்டினான். நெஞ்சில் 'ஸ்வென்' என்று தைத்திருந்தது.

எனக்கு அதில் வருத்தமில்லை. இல்லாவிட்டால் முன்னால் இருக்கிற பெயரைப் பிடித்துக்கொண்டு, "கந்தையா, கெதியா!" என்று நாள் முழுக்க என் அப்பாவை அதட்டியிருப்பான். அதைவிட ஸ்வென் ஏச்சு வாங்குவது நல்லது.

அங்கே என்னைத் தவிர்த்து ஒரேயொரு வெளிநாட்டுக்காரர், கொரியாக்காரரான பாக் அண்ணை. விவசாயம் படிக்க வந்து, டேனிஷ் பெண்ணைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவர். பழைய பின்னல் மெஷின்கள் அவர் பொறுப்பு. பாக் என்பது குடும்பப் பெயர். அவருக்குப் பவுல் கொடுத்த கோட்டில் 'பென்ட்' என்று தைத்திருந்தது. அதை மடித்துப் பவுலின் மேசையில் வைத்துவிட்டு, சுவெட்டரோடு வேலைக்குப் போனார்.

பவுல் போர்மனாகி ஒரு மாதம்தான்; பெயர் தைத்த கோட்டு அவன் கொண்டுவந்த புது வழக்கம். கோட்டுப் போடாதவனுக்கு வெள்ளிக்கிழமையோடு வேலை இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டான். யூனியனிடம் போவோம் என்று நான் பாக் அண்ணையிடம் சொன்னேன். தன் பெயர் தனக்குத் தெரியும், அதைச் சொல்ல யூனியன் எதற்கு என்றார்.

நான் சமாதானம் செய்யப் புறப்பட்டேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள அவரைக் கோட்டுப் போடவைக்காட்டி என்ர பேரை மாத்து" என்று பவுலிடம் சவால் விட்டேன். ஊரில் விடுகிற சவாலை அப்படியே டேனிஷில் போட்டிருந்தேன். பவுல் என் நெஞ்சைப் பார்த்து, அதுதான் ஏற்கெனவே மாற்றியாயிற்றே என்றான்.

பக்கத்தில் நின்ற பாக் அண்ணை கையிலிருந்த எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தார். நாங்கள் கதைப்பது டேனிஷில்தான். எனக்கு நினைவில் நிற்பது என் தமிழில்.

"எங்கட ஊரிலயும் அப்பிடித்தான் சத்தியம் செய்யிறது. நான் சொன்னது பொய்யெண்டா என்ர குடும்பப் பேரை மாத்திறன் எண்டு. நடக்கவே நடக்காத காரியம் எண்டு அதுக்கு அர்த்தம். யப்பான்காரன் அதையும் நடத்திக் காட்டினான்."

கோப்பி குடிக்கும்போது மிச்சத்தைச் சொன்னார். அவர் பிறந்த காலத்தில் கொரியா யப்பானின் ஆட்சியில் இருந்தது. அவர் சின்ன வகுப்பில் படிக்கையில், குடும்பங்களெல்லாம் யப்பானியப் பெயர் பதிய வேண்டுமென்று உத்தரவு வந்தது. பதியாவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைக்காக அப்பா போய்ப் பதிந்தார். மறுநாள் வாத்தியார் புதுப் பெயர்களைக் கூப்பிட்டார். யாருக்கும் தன் பெயர் தெரியவில்லை. ஒவ்வொருவனும் யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான், அறை வாங்கினான்.

"வாத்தியாருக்குக் கை நொந்து போச்சு" என்று பாக் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டில சொல்ல அம்மாவும் சிரிச்சவ. அப்பா சிரிக்கேல்லை. அண்டைக்கு அவர் சாப்பிடவும் இல்லை."

 கோட்டுக் கதையை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பழைய மெஷின் ஒன்று சிக்கிக்கொண்டு துணியைத் தாறுமாறாகத் தள்ளத் தொடங்கியது. பவுல் "பென்ட்!" என்று கத்தினான். பாக் அண்ணை அசையவில்லை. கீழே சாயம் போடுகிற பகுதியில் இருந்து உண்மையான பென்ட், தொந்தியும் தொப்பையுமான மனுசன், கையில் கடித்த கறுப்புப் பாணோடு படியேறி ஓடிவந்தான். உன்னை இல்லை என்று பவுல் திருப்பி அனுப்பினான். மறுபடி கத்தினான். மறுபடி அதே பென்ட், அதே பாண், கொஞ்சம் சிறிதாக. மூன்றாம் முறை அவன் துணிக் குவியலில் தொப்பென்று இருந்துவிட்டான்.

"இந்தப் படியில நான் செத்துப்போவன். அந்தாளின்ர பேர் பாக். நாய் குலைக்கிற நேரத்துக்குள்ள சொல்லி முடிக்கலாம். சொல்லன்."

துணி பவுலின் முழங்காலுக்கு வந்திருந்தது. "பாக்" என்றான், மெல்ல.

"ஓம்" என்று வந்து பாக் அண்ணை மெஷினை நிறுத்தினார்.

திங்கட்கிழமை அவருக்குச் சரியான பெயரோடு கோட்டு வந்தது. பார்த்ததும் எனக்கும் ரோசம் வந்து, ஸ்வெனைக் கழற்றிக் கொடுத்தேன். பவுல் கோப்பி நேரத்தில் என் எதிரே இருந்து என் பெயரைப் பழகினான். முதலில் சிவானா. பிறகு சுந்தர்ஸ்ட்ரம். வியர்த்துவிட்டது அவனுக்கு. பாவமாக இருந்ததால், பரவாயில்லை, ஸ்வென் போதும் என்றேன்.

பாக் அண்ணை குறுக்கிட்டார். "விடாதை தம்பி. பிழையாச் சொல்லட்டும். பிழையாச் சொன்னாலும் உன்ர பேரைத்தான் சொல்லுறான்."

அன்றிலிருந்து டொக்டரிடமோ வங்கியிலோ பெயர் கேட்டால் முழுதாகவே சொல்கிறேன். அவர்கள் படும் பாடு அவர்களுக்கு.