ராஜகுருவும் முந்நூற்றுப் பதினேழு கரண்ட் கட்டும்

தல்லாகுளம் கோர்ட் பக்கம் போய் ராஜகுருவைக் கேட்டால், "பத்திரம் டைப் அடிக்கிற அண்ணனா?" என்பார்கள். ஆமாம், அவரேதான். உலகத்தில் எத்தனையோ சர்வர்களை அடியிலிருந்து ஓட்டுகிற கர்னல் என்ற நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த மனுஷன். இதை அங்கே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். என் பெயர் வெள்ளைத்துரை. அவரோடு மூன்று வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவன். அவர் பிழைப்பு கெட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

ராஜகுரு சௌராஷ்டிரக் குடும்பம், மகால் பக்கம் வீடு. பெங்களூரில் பெரிய வேலையில் இருந்தவர். 2005இல் அவர் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே பிள்ளை, என்ன செய்வார்? வேலையை விட்டுவிட்டு மனைவி ஹம்சவேணியோடு ஊருக்கே வந்துவிட்டார். ஹம்சவேணி பள்ளிக்கூடத்து டீச்சர், பகலில் வீட்டில் இருக்க முடியாது. அதனால் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு ராஜகுரு ஸ்கூட்டரில் ஓடுவார். அப்பாவைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ரசஞ்சோறு ஊட்டிவிட்டு இரண்டரைக்குள் திரும்பிவிடுவார். அப்படி ஓடிவர விட்ட ஒரே ஆபீஸ் எங்களுடையது. அவர் படிப்புக்கு மதுரையில் வேறு வேலையும் அப்போது கிடையாது. இது போனால் அவருக்கு எல்லாம் போச்சு.

கோச்சடையில் ஒரு மாடி. சென்னைக் கம்பெனி ஒன்றின் கிளை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பழைய கோப்புகளைப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். சர்வர் ராஜகுருவின் பொறுப்பு. யுபிஎஸ்ஸும் கேபிளும் என் பொறுப்பு.

2008இல் கரண்ட் கட் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கியது. சொன்ன நேரத்துக்கும் போகும், சொல்லாத நேரத்துக்கும் போகும். பேட்டரி தாங்கவில்லை. ராஜகுரு ஒரு வழி பண்ணினார். ஓடுகிற சர்வரை அணைக்காமலே அதன் ப்ராசஸர்களைத் தனித்தனியாக நிறுத்தவும் எழுப்பவும் கர்னலில் வசதி இருக்கிறது. கரண்ட் போனதும் எட்டு ப்ராசஸரில் ஆறு தூங்கிவிடும், வந்ததும் எழுந்துவிடும், அப்படி எழுதிவைத்தார். நானும் என் பங்குக்கு, கம்ப்யூட்டர்களையெல்லாம் சர்வரோடு இணைக்கிற நெட்வொர்க் பெட்டியை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி வெறும் கரண்டில் மாட்டிவிட்டேன். பேட்டரி இருபது நிமிஷம் கூடுதலாக நின்றது.

அதன் பிறகுதான் சர்வர் விழ ஆரம்பித்தது. தினமும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் இரண்டு முறை. கரண்ட் போகும், சர்வர் அப்படியே உறைந்துவிடும். பன்னிரண்டு பேர் காலையிலிருந்து அடித்ததெல்லாம் பாழ்.

சென்னையிலிருந்து மேனேஜர் விஸ்வேஸ்வரன் போனில் கத்தினார். "பெங்களூர்ல வேலை பார்த்தவராச்சேன்னு நம்பி சர்வரைக் கொடுத்தோம். ஜூலைக்குள்ள இது நிக்கலேன்னா கிளையை மூடிடுவேன், சொல்லிட்டேன்."

"சரி சார்" என்றார் ராஜகுரு. அவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

சர்வர் சாகும்போது கடைசியாக என்ன சொல்கிறது என்று பிடிக்க, இன்னொரு கம்ப்யூட்டரைக் கேபிளில் இணைத்து வைத்தார். ஒவ்வொரு முறையும் ஒரே இடம். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"தூங்கப் போற ப்ராசஸரை ஆபீஸை விட்டுப் போறவன்னு வச்சுக்க. மேஜையில இருந்த பைலையெல்லாம் பக்கத்து ஆள்கிட்ட ஒப்படைச்சுட்டான் மாப்ள. ஆனா அவன் கதவைச் சாத்துறதுக்குள்ள எவனோ ஒருத்தன் வந்து புதுசா ஒரு பைலை அந்த மேஜையிலேயே வச்சுட்டுப் போறான். மேஜையைத் தூக்கிட்டாங்க. பைலைத் தேடி வர்றவன் குழியில விழுறான்."

"வச்சவன் யாருண்ணே?"

"அதத்தான் தேடுறேன்."

ப்ராசஸரை மூவாயிரம் முறை நிறுத்தி எழுப்பிப் பார்த்தார். விழவில்லை. சென்னையிலும் செய்து பார்த்தார்கள், விழவில்லை. உங்கள் ஊர் கரண்ட்தான் கோளாறு என்று எழுதிவிட்டார்கள். கர்னலின் நிரலை அச்சடித்து, அப்பாவுக்கு ஊட்டும்போதும் மடியில் வைத்துப் படிக்கிறார் என்று ஹம்சவேணி என்னிடம் புலம்பினார்.

ஜூன் மாதம் ஒருநாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. ராஜகுரு நெட்வொர்க் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"இதுக்கு யுபிஎஸ் இல்லையா மாப்ள?"

"நாந்தான் கழட்டினேன்ணே. மார்ச்சுல."

"அட நாசமாப் போறவனே!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சர்வர் விழ ஆரம்பித்ததும் மார்ச்சில்தான்.

பெட்டி அணைந்ததும் சர்வரின் நெட்வொர்க் கார்டு, இணைப்பு போய்விட்டதே, கொஞ்சம் கழித்துப் பார்ப்போம் என்று ஓர் அலாரத்தைத் திருகிவைக்கும். ப்ராசஸர் தூங்கக் கிளம்புகிற அதே நொடியில். அந்த அலாரம்தான் பைல், வைத்த களவாணி கார்டு. சோதித்தோம். அவர் "மூணு" என்று சொல்லி ப்ராசஸரை நிறுத்தும்போது நான் பெட்டியின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பதினான்காவது தடவை சர்வர் செத்தது. இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அன்று மட்டும் அவர் வீட்டுக்குப் போக மறந்துவிட்டார். நாலு மணிக்கு ஓடியபோது அப்பா ஈரத்தில், பசியில் கிடந்தாராம்.

"பெட்டிய யுபிஎஸ்ல மாட்டிட்டா முடிஞ்சுச்சுல்லண்ணே" என்றேன். "அது கோளாறை ஒளிச்சு வைக்கிறது" என்றார். கர்னலிலேயே ஆறு வரி திருத்தி, அதைப் பராமரிக்கிறவர்களுக்கு மெயில் அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. சரியான திருத்தம், சேர்த்துக்கொண்டோம் என்று. எங்கள் சர்வரிலும் போட்டார். அதன்பின் கரண்ட் எத்தனை முறை போனாலும் சர்வர் அசையவில்லை.

சென்னைக்கு அறிக்கை எழுத வேண்டும். கோளாறு இது, சரியாகிவிட்டது என்று நாலு வரி எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் ஊர் கரண்ட் என்று இளக்காரம் பேசியவர்களுக்கு நாங்கள் என்ன பாடு பட்டோம் என்று தெரிய வேண்டாமா? மார்ச்சிலிருந்து கரண்ட் போன தேதி, நேரம் எல்லாம் என் நோட்டில் இருந்தது.

"இதையும் சேருங்கண்ணே. முந்நூத்திப் பதினேழு தடவ! இம்புட்டுக்கும் நடுவுல வேல பார்த்திருக்கோம்னு அந்தாளுக்குத் தெரியட்டும்."

"எதுக்கு மாப்ள, விடு."

நான் விடவில்லை. நானே உட்கார்ந்து அந்தப் பட்டியலை அடித்துச் சேர்த்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் விஸ்வேஸ்வரன் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் வந்த குரலில் தேன் வழிந்தது. "பிரமாதமான ரிப்போர்ட் ராஜகுரு. மேனேஜ்மென்ட்ல எல்லாரும் பார்த்தாங்க. சர்வரைச் சென்னைக்கே கொண்டுவந்துடலாம்னு முடிவு. கிளையும் இங்க வந்துடும். நீங்களும் வந்துடுங்க."

"சார், இப்ப விழாது சார். சரி பண்ணியாச்சு."

"அது சரிப்பா. ஆனா அங்க முந்நூறு தடவை கரண்ட் போகுதுன்னு இதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாதே."

அது என் பட்டியல். ராஜகுரு, "அப்பாவை அசைக்க முடியாது சார், நான் வரலை" என்று வைத்துவிட்டார்.

ஜூலை கடைசியில் சர்வரை நானேதான் பெட்டியில் கட்டி லாரியில் ஏற்றினேன். இரண்டு மாதம் கழித்து ராஜகுருவுக்கு விஸ்வேஸ்வரனின் மெயில் வந்தது, வீட்டில் வைத்து எனக்குக் காட்டினார். சென்னைக்கு வந்தபின் சர்வர் ஒருமுறைகூட விழவில்லையாம். ஒழுங்கான கரண்ட் இருந்தால் போதும் என்று நிரூபணமாகிவிட்டதாம். அடப்பாவி! அதில் ஓடுவது ராஜகுருவின் ஆறு வரி.

"பதில் எழுதுங்கண்ணே, நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்க" என்று குதித்தேன். அவர் மெயிலை மூடிவிட்டு, அப்பாவுக்குச் சோறு பிசையப் போய்விட்டார்.

அந்தப் பட்டியலைப் பற்றி இன்றுவரை அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.