ஒருவரும் பதில் சொல்லாத மன்றாட்டு

பிள்ளைகள், போன ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கக் கூப்பிட்டபோது, அந்த மைக்கைக் கண்டதும் நான் ஏன் பின்வாங்கினேன் என்று கேட்டீர்கள். "ரெண்டு லைன்தானே அப்பா, ஏன் இவ்வளவு ட்ராமா?" என்று மூத்தவள் சிரித்தாள். ஹரோவுக்குத் திரும்பி வரும் வழியில் காரிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எழுத்தும் எனக்குப் பெரிதாக வராது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஊரிலும் நான் மன்றாட்டு வாசித்தவன்தான். படிப்புக்காக இல்லை, குரலுக்காக என்னைப் பிடித்தவர் எங்கள் கோயிலின் சங்கிலித்தாம். கோயில் மணி அடிப்பதும் பூசைக்கு எடுத்து வைப்பதும் அவருடைய வேலை. "தம்பி, உனக்கு மைக் என்னத்துக்கு? நீ கூப்பிட்டால் பக்கத்து ஊர் மாடும் திரும்பிப் பார்க்கும்" என்பார். அப்போது எங்கள் பகுதியை ஆண்டது இயக்கம். பொலிசும் கோர்ட்டும் அவர்களுடையது; புரட்சி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி இல்லை. கோயிலையும் அவர்கள் விடவில்லை. முதலில் கோயில் சபைக்குத் தாங்களே ஆட்களைப் போட்டார்கள். பிறகு பங்குச் சுவாமியின் பிரசங்கத்தை முதல் நாளே எழுதிக் காட்டச் சொன்னார்கள். கடைசியில் ஒரு கடதாசி வந்தது. மன்றாட்டில் இனி இந்த வரியும் வாசிக்கவேண்டுமாம்: 'எங்கள் புரட்சியையும் அதை நடத்துகிற தலைமையையும் ஆசீர்வதித்தருளும்.' சுவாமி அதை என்னிடம் தந்தார்.

நான் வாசித்தேன். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் சனம் 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சொல்லும். அந்த வரிக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு கைக்குழந்தை இருமியது மட்டும் கேட்டது. மைக் வேலை செய்யவில்லையாக்கும் என்று நினைத்து, நான் மடையன், அதைத் தட்டிப் பார்த்து இன்னொருமுறை உரத்து வாசித்தேன். அப்பவும் ஒரு வாயும் திறக்கவில்லை. பூசை முடிந்த பிறகுதான் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்: சங்கிலித்தாம் வீடு வீடாகப் போய், "எதிர்த்துக் கதைக்க வேண்டாம், பேசாமல் இருங்கோ, அது காணும்" என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வாசிக்கிறவனைத்தான் முதலில் விசாரிப்பார்கள், அவனுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அது எனக்கு விளங்க எத்தனையோ வருசம் எடுத்தது. அன்றைக்கு அவமானமாகத்தான் இருந்தது.

பின்னேரம் இயக்கக்காரர் என்னைக் கூப்பிட்டார்கள். அடிக்கவில்லை. அதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். தேத்தண்ணி தந்தார்கள். பொறுப்பாளன் என்னைவிட இளையவன். "அண்ணை, உங்களையெல்லோ சனம் பகிடி பண்ணியிருக்கு. ஆர் சொல்லிக் குடுத்தது?" என்றான். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேரைச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மணி அடிக்க ஆள் இல்லை. அந்த வரிக்குச் சனம் பதில் சொன்னது, மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக. சங்கிலித்தாம் திரும்பி வரவேயில்லை. இறந்தவர்களின் பேர் வாசிக்கிற நாளில் அவருடைய பேரை வாசிக்க அவருடைய மனைவி விடமாட்டா. "செத்ததை ஆர் கண்டது?" என்பா. நான் லண்டனுக்கு வந்த பிறகு போன் எடுத்தாலும், "தம்பி, அவரைப்பற்றி ஏதும் கேள்விப்பட்டியோ?" என்றுதான் முதலில் கேட்பா. 'இல்லை அக்கா' என்பேன். நான் செய்ததை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. போன மாதம் அவவும் போய்விட்டா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இதில் உங்களுக்குப் படிப்பினை ஒன்றும் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்.

நேற்று வேலையால் வரும்போது தனியாகக் கோயிலுக்குள் போனேன். வாசல் மேசையில் இறந்தவர்களின் பேர் எழுதுகிற தாள் கிடந்தது. அக்காவின் பேரை எழுதினேன். பிறகு, வேண்டாம் என்று சொல்ல இனி ஒருவரும் இல்லாதபடியால், அதன் கீழே அவருடைய பேரையும் எழுதினேன்.