மூன்று நிமிட மணி

புளி தேய்த்த பித்தளையின் வாடை எனக்கு இன்றும் ஞாயிற்றுக்கிழமை வாடைதான். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் கூடிய எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்குச் செயலாளராக இருந்த அப்பா, ஆராதனைக்குப் புறப்படுமுன் தம் கைமணியைப் பளபளவென்று தேய்த்துவிடுவார். எங்கள் சபையில் "சாட்சி நேரம்" என்று ஒன்று உண்டு. கடவுள் தமக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். பழுதான குளிர்சாதனப் பெட்டி ஜெபத்தால் ஓடிய கதையை ஓர் ஆண்ட்டி அரைமணி நேரம் சொன்னதில், அதே கட்டடத்தில் அடுத்துக் கூடும் சீனச் சபையார் வாசலில் வியர்த்து நின்றார்கள். அன்றிலிருந்து ஆளுக்கு மூன்று நிமிடம், மீறினால் மணி. வாரமெல்லாம் அரசாங்க அலுவலகத்தில் உரிம விண்ணப்பங்களைச் சரிபார்த்த அப்பாவுக்கு இது அல்வா சாப்பிட்டமாதிரி. "ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் லா" என்பார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கப்பல் பட்டறையில் வேலை பார்த்த செல்வம் அண்ணன் சாட்சி சொல்ல எழுந்தார். ஒரு வருடமாகக் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். சாரத்திலிருந்து விழுந்த கூட்டாளியைப் பற்றித் திக்கித் திணறிச் சொல்லிவந்து, "ஆஸ்பத்திரில அவன் என் கையப் புடிச்சுக்கிட்டு..." என்றபோது அப்பா மணியடித்துவிட்டார். அண்ணன் "சாரிங்கய்யா" என்று உட்கார்ந்துகொண்டார். அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவும் விடவில்லை: "மனசு விட்டுப் பேச அவருக்கு வேற எடம் ஏதுங்க?"

அடுத்த ஞாயிறு அப்பா மணியை என்னிடம் கொடுத்து, "அப்பா பேசினாலும் அடிக்கணும்மா" என்று சொல்லிவிட்டுத் தாமே எழுந்தார். மன்னிப்புக் கேட்க வந்த மனிதர், அலுவலகக் கடிதம்போல முன்னுரையிலேயே மூன்று நிமிடத்தையும் தீர்த்துவிட்டார். நான் அடித்தேன். சபையே சிரிக்க, அப்பா காது சிவந்து உட்கார்ந்தார்.

உடனே செல்வம் அண்ணன் எழுந்து, "என்னோட மூணு நிமிஷத்த ஐயாவுக்குக் குடுக்கறேங்க, அவரு முடிக்கட்டும்" என்றார்.

"வேணாம் தம்பி, அது உங்களோடது. போன வாரம் நான்தான் பறிச்சுட்டேன். மன்னிச்சிடுங்க. நீங்க சொல்லுங்க" என்றார் அப்பா, உட்கார்ந்தபடியே.

அண்ணன் சொன்னார். கோயிலுக்குப் போகிற அந்தக் கூட்டாளி, "உன் சாமிகிட்டயும் கேளுடா" என்று கெஞ்சியதையும், இப்போது கோலூன்றி நடப்பதையும் சொல்லி அழுதார். மூன்று நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. நான் மணியின் நாக்கை உள்ளங்கைக்குள் இறுகப் பிடித்திருந்தேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த சீனப் பாட்டியம்மா ஒருவர், அழுகிறவரைப் பார்த்ததும் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அரசாங்கம், சட்டம், சுதந்திரம் என்று யாராவது வாதாடினால் எனக்கு அந்த மணிதான் நினைவுக்கு வருகிறது. கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட மனிதரைப் பேசவிடத்தான் வேண்டும். பாவியும் அவரே என்பதால் மணி இல்லாமலும் முடியாது. ஆனால் மணியைப் பிடித்திருப்பவரும் பாவிதானே? அதை அப்பா சபை நடுவில் ஒப்புக்கொண்டதற்காகவே அவர்மீது எனக்கு இன்றும் கொள்ளைப் பிரியம்.

இப்போது எங்கள் சபை பொங்கோலில் கூடுகிறது. திரையில் சிவப்பு எண்கள் இறங்கிப் பூஜ்யம் வந்ததும் மைக் தானாக அடங்கிவிடும். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, குறை சொல்லமாட்டேன். அப்பா இல்லை, மணி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. சாட்சியின் நடுவே யாராவது தடுமாறும்போது மட்டும், என் உள்ளங்கை தானாக இறுக மூடிக்கொள்கிறது.