வலது கன்னம்

என் தங்கச்சி வேலை பார்க்கிற கடையை நினைச்சாலே எனக்கு வயிறு எரியும். கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு, உள்ளே கால் வச்சதுமே வாசனை மூக்கைத் துளைக்கிற அழகுசாதனக் கடை. முகத்துக்குப் போடற க்ரீம், சீரம், ஃபேஸ்வாஷ் எல்லாம் அடுக்கியிருக்கிற கவுண்டர்ல நிக்கிறதுதான் அவ வேலை. வீட்டுல அவளுக்குச் சின்னதுன்னு பேர். நாற்பதை நெருங்கிட்டா, இன்னும் சின்னதுதான்.

அந்தக் கவுண்டர்ல ஒரு வழக்கம் உண்டு. புதுசா எது வந்தாலும் விக்கிறவங்க முதல்ல தங்களோட மூஞ்சியில போட்டுப் பார்க்கணும். அதுவும் பாதி மூஞ்சியில. வலது கன்னத்துக்குப் புதுசு, இடது கன்னத்துக்குப் பழசு. வர்றவங்க ரெண்டு பக்கத்தையும் பார்த்துட்டு வாங்குவாங்க. இந்த யோசனையே சின்னது சொன்னதுதான், அப்புறம் கடையே அதைப் பிடிச்சுக்கிச்சு. அவளுக்கு நைச்சியமாப் பேசி விக்கத் தெரியாது. "நீ போட்டுப் பார்த்தியாம்மா? அப்ப குடு"ன்னு அவளைத் தேடி வந்து வாங்கறவங்க ஏகப்பட்ட பேர். மூஞ்சிதான் அவ வியாபாரத்துக்கு முதல்.

இப்படி இருக்கும்போது, நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒரு க்ரீமையே கம்பெனிக்காரன் மாத்திட்டான். புது ஃபார்முலாவாம். அதே டப்பா, மூடி மட்டும் தங்கக் கலர். சின்னது வழக்கம்போல வலது கன்னத்துல போட்டா. ரெண்டு மூணு நாள்ல கன்னம் தீஞ்ச மாதிரி சிவந்து, பொரிப்பொரியா கிளம்பிடுச்சு.

"கழுவித் தொலைடி"ன்னேன்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், விடாம போடுன்னு மேனேஜர் சொல்றாருக்கா."

"அவர் மூஞ்சியில போட்டுப் பார்த்தாராமா?"

சிரிக்கப் போனா. கன்னம் இழுத்துச்சு போல, பாதியிலேயே நிறுத்திட்டா.

அந்த மேனேஜர் என்ன பண்ணினான் தெரியுமா? ஆமா, அவனுக்கு மரியாதை எல்லாம் என் வாயில வராது. கவுண்டரோட கடைசி மூலையில, வலது பக்கம் சுவரைப் பார்த்த மாதிரி இவளை நிக்க வச்சான். வர்றவங்களுக்கு இடது கன்னம் மட்டும்தான் தெரியும். இதை அவ சோறு போட்டுக்கிட்டே சாதாரணமாச் சொல்றா. நான் தட்டைத் தள்ளி வச்சேன்.

"ஏன்டி, இடது கன்னத்தைக் காட்டி எதை விக்கிறே?"

"புதுசை."

"அந்தக் கன்னத்துல போட்டிருக்கிறது எது?"

"பழசு." குரல் உள்ளே போயிடுச்சு. "கடையில பழசு இருந்தா அதையே குடுத்துடுவேன்க்கா. அதைத்தான் நிறுத்திட்டாங்களே. கவுண்டருக்கு என்னைத்தான் பெரியவளா, சூப்பர்வைசராப் போடப் போறாங்க. இப்பப் போய் நான் வாயைத் திறக்கவா?"

அதுக்கப்புறம் கம்பெனியிலேர்ந்து போட்டோ எடுக்க ஆள் வந்தான். இவளுக்கு ஒரே சந்தோஷம். கன்னம் வெந்து போன விஷயம் மேலிடம் வரைக்கும் போயிருக்கு, சரி பண்ணப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டா. நல்லாத் தெரியட்டும்னு அவளே வெளிச்சத்துப் பக்கம் கன்னத்தைத் திருப்பிக் காட்டியிருக்கா, பைத்தியக்காரி. ரெண்டு பக்கமும் எடுத்துக்கிட்டுப் போனான்.

கொஞ்ச நாள் கழிச்சு அவளைக் கூட்டிட்டு வரக் கடைக்குப் போனேன். வாசல்ல ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. அதுல என் தங்கச்சி. சிவந்த வலது கன்னத்துக்குக் கீழே 'முன்'. பளபளன்னு இருக்கிற இடது கன்னத்துக்குக் கீழே 'பின்'. புது ஃபார்முலா போட்ட பிறகு அப்படி ஆயிட்டாளாம்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. நான் தையல்காரி, வாயும் கத்திரிக்கோல்தான். நேரா உள்ளே போனேன்.

"சார், சிவந்திருக்கே, அதுதான் உங்க புது க்ரீம் போட்ட கன்னம். தலைகீழா எழுதி வச்சிருக்கீங்க."

"கம்பெனி அனுப்பின போர்டும்மா. எனக்கென்ன தெரியும்?"

"எதிர்லதானே நிக்கிறா? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

சின்னது ஓடி வந்து என் கையைப் பிடிச்சா. "அக்கா, வேலை போயிடும். வந்துடு." கெஞ்சினா. அவளுக்காகத்தான் வெளியே வந்தேன். இல்லேன்னா அந்தப் போர்டை அங்கேயே கிழிச்சுப் போட்டிருப்பேன்.

மறுநாள் அவளைக் கிடங்குல பெட்டி பிரிக்கப் போட்டாங்க. இந்த முகத்தோட கவுண்டர்ல நின்னா வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு மேனேஜர் கேட்டானாம். போர்டுல வைக்க ஆகுற முகம் கவுண்டருக்கு ஆகாதாம். பெரியவளாப் போடற பேச்சும் அதோட நின்னுச்சு. இவளும் சொன்னபடி போய் பெட்டி பிரிச்சா. எனக்கு அவன் மேல வந்த கோபத்தைவிட இவ மேல வந்த கோபம்தான் அதிகம்.

டாக்டர் குடுத்த மருந்துல சிவப்பு அடங்குச்சு, ஆனா கருப்பாத் திட்டு விழுந்துடுச்சு. வெளியே கிளம்பினா துணியால கன்னத்தை மூடிக்குவா. போன வாரம் நூல் வாங்க வலுக்கட்டாயமா இழுத்துக்கிட்டுப் போனேன். ஊரோட அந்தக் கோடி. போற வழியில அதே கடையோட இன்னொரு கிளை, வாசல்ல அதே போர்டு. "வாடி, பார்க்காதே"ன்னேன். அவ கையை உதறிட்டு உள்ளே போயிட்டா.

கவுண்டர்ல புதுசா சேர்ந்த பொண்ணு. இவ துணியை விலக்கினதும் கன்னத்தைப் பார்த்து அக்கறையாப் பேசினா.

"கவலைப்படாதீங்கக்கா, இதுக்கு நல்ல க்ரீம் இருக்கு. வாசல்ல படம் பார்த்தீங்கல்ல? அவங்களுக்கும் உங்களை மாதிரியேதான் இருந்துச்சாம். இப்ப எப்படி இருக்காங்க பாருங்க."

வாயைத் திறக்கப் போனேன். சின்னது என் கையை அழுத்திப் பிடிச்சா. அவ அந்தப் பொண்ணோட வலது கன்னத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. அதுல பவுடர் அப்பியிருந்துச்சு.

"எரியுதா?"ன்னு கேட்டா.

அந்தப் பொண்ணு மேனேஜர் ரூம் பக்கம் ஒரு தடவை பார்த்தா. அப்புறம் தலையாட்டினா. கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு.

"அந்தப் படத்துல இருக்கிறது நான்தான். 'முன்'னும் பொய், 'பின்'னும் பொய். போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா. வர்றவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

சொல்லிட்டு, கன்னத்தை மறைச்சிருந்த துணியை என் கையில திணிச்சுட்டு, சின்னது கவுண்டருக்கு உள்ளே போய் நின்னா.